மூளைக் கட்டியும் மருந்துக்குச் சாகாத புல்லும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கும் நாளில் நோயைப் பற்றிப் பேசுகிறாரே இந்த வாத்தியார் என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நம் நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் மருந்து அடிக்கிற வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புல்லுக்கு மருந்து அடிக்கிறோம். எல்லாம் கருகிப் போகும்; அங்கொன்றும் இங்கொன்றும் பச்சையாக நிற்கும். நின்ற புல் விதை போடும். திரும்பத் திரும்ப அதே மருந்தை அடித்தால், கடைசியில் சாகாத புல்லே காடாக நிற்கும். 1997-இல் நம் மலேசியாவிலேயே கிளைபோசேட் மருந்துக்குச் சாகாத சம்பாவ் புல்லைக் கண்டறிந்தார்கள். மருந்து கெட்டுப் போகவில்லை. பார்வைக்கு ஒன்றாக இருந்த புல்லுக்குள் குணம் வேறாக இருந்தது. அவ்வளவுதான்!

மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டியும் இப்படித்தான். 1926-இல் பெய்லி, குஷிங் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தபோதே, 'பல உருவம் கொண்டது' என்று பொருள்படும் சொல்லையும் சேர்த்தார்கள். 2014-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஐந்து நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 430 உயிரணுக்களை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். ஒரே ஆளின் ஒரே கட்டிக்குள் பல வகை அணுக்கள் கலந்து கிடந்தன! ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?

கத்தி வைத்துக் கட்டியை எடுத்தாலும், லாலாங் வேர் போல மூளைக்குள் ஓடியிருக்கும் அணுக்கள் மிஞ்சிவிடும். கதிர்வீச்சும் டெமோசோலமைட் மாத்திரையும் பலவற்றைக் கொல்லும். ஆனால் சில அணுக்கள் மருந்து செய்த சேதத்தைத் தாமே ஒட்டுப்போட்டுச் சரிசெய்துகொள்ளும். அவை பெருகும், கட்டி திரும்பும். போதாக்குறைக்கு, இரத்தத்திலிருந்து கண்டது மூளைக்குள் புகாமல் காக்கும் இயற்கைத் தடுப்பு, பல நல்ல மருந்துகளையும் உள்ளே விடுவதில்லை.

அப்படியானால் வைத்தியமே வீணா? இல்லை. 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 10 பேர். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 26 பேர். சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அந்த வீடுகளைக் கேட்டுப் பாருங்கள், அது சிறியதா என்று!

பெற்றோர்களே, கட்டி திரும்பினால் அது சாபமல்ல, செய்வினையல்ல, டாக்டரின் கைக்குற்றமும் அல்ல. ஒட்டுவாரொட்டி நோயும் அல்ல. ஆகவே நோயாளியை ஒதுக்காதீர்கள். 'நான் முழுசா குணமாக்குறேன்' என்று காசு கேட்பவனிடம் தாலியை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். தலைவலியெல்லாம் கட்டியாகாது, பயம் வேண்டாம். ஆனால் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, காலையில் வாந்தி, புதிதாக வந்த வலிப்பு, ஒரு பக்கம் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், திடீரென்று மாறிய குணம் இவற்றைக் கண்டால் மந்திரித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாணவச் செல்வங்களே, 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். அடுத்த ஆண்டு சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். ஒன்றுமில்லாத இடத்தில் ஆரம்பித்தவர்கள் அவர்கள். இன்று ஒரு மருந்து போதாது, பல வகை அணுவைப் பல வழியில் தாக்க வேண்டும் என்று உலகமே வழி தேடுகிறது. அந்த வழி இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. மருந்துத் தோம்பு சுமந்த தோளின் பிள்ளை அதைக் கண்டுபிடிக்கக் கூடாதா? இன்று வாங்கும் புத்தகத்தை அலமாரியில் பூட்டாதீர்கள், படியுங்கள்.