புறக்கடைக் கோழிகளுக்கு மின்வேலிப் பாதுகாப்பு

(புறக்கடைக் கோழி வளர்ப்போர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நாட்டுக்கோழி வளர்ப்பில் தீவனச் செலவு குறைவு. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அம்மைக்கும் இருக்கிறது. கீரிக்கும் நரிக்கும் மட்டும் தடுப்பூசி கிடையாது. அடைக்கு 12 முட்டை வைத்து 10 குஞ்சு பொரித்ததாக வைத்துக் கொள்வோம். அவற்றில் ஆறு குஞ்சுகளைக் கீரியும் பருந்தும் கொண்டு போய்விட்டால், மிஞ்சிய நான்கில் இலாபம் ஏது? தாய்க்கோழி 21 நாள் அடைகாத்ததும், பின்னர் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ந்ததும் பெரும்பகுதி வீண்தான். ஆகவே இந்த இழப்பைத் தடுக்கும் வழிகளைப் பற்றி, குறிப்பாக மின்வேலியைப் பற்றிச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில் திருடன் யார் என்று தெரிந்து கொள்ள வேண்டும். கீரிப்பிள்ளை பகலில் வரும். முட்டையை உடைத்துக் குடிக்கும், குஞ்சுகளைக் கழுத்தில் கடிக்கும். நரியும் காட்டுப்பூனையும் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும் வரும். மரநாய் இரவில் மரக்கிளை வழியாகக் கூரையில் இறங்கும். கோழிகள் பல கடிபட்டு, தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் தெருநாயின் வேலையாக இருக்கலாம். பட்டப்பகலில் குஞ்சு மட்டும் சுவடின்றி மறைந்தால் பருந்து, வல்லூறு அல்லது காகம் என்று கருதலாம். ஒவ்வொன்றும் வரும் வேளையும் வழியும் வேறு. எனவே காவலும் வேறாக இருக்க வேண்டும்.

கோழிக்கு முதற்காவல் கூடு. இதை அழுத்திச் சொல்கிறேன். பத்து, பதினைந்து கோழிகள் மட்டும் வைத்திருப்போருக்கு மின்வேலி தேவையே இல்லை; உறுதியான கூடு போதும். கூட்டைத் தரையிலிருந்து இரண்டு அடி உயர்த்தி அமைக்க வேண்டும். பக்கங்களுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடித்தால் கீரியும் நுழையாது, முட்டை விழுங்க வரும் பாம்பும் நுழையாது. கூரைக்கும் சுவருக்கும் இடையே சந்து இருக்கக் கூடாது. கூட்டின் மேல் சாயும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். பொழுது சாயும் முன் கோழிகளை அடைத்து, தாழ்ப்பாள் போட வேண்டும். இளங்குஞ்சுகளைப் பஞ்சாரத்திலோ கொடாப்பிலோ கவிழ்த்து வளர்ப்பது நம் முன்னோர் கண்ட நல்ல முறை. பருந்துக்கும் காகத்துக்கும் வேலி தடையாகாது. பஞ்சாரமும், குஞ்சுகள் மேயும் இடத்தின் மேல் கட்டிய வலையுமே தடை.

ஐம்பது, நூறு கோழிகளைத் தோப்பில் மேயவிடுவோருக்குத்தான் மின்வேலி பயன்படும். இது எவ்வாறு வேலை செய்கிறது? சூரிய மின்தகடு 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறது. பேட்டரியோடு இணைந்த எனர்ஜைசர் என்னும் கருவி, சுமார் ஒரு விநாடிக்கு ஒரு தடவை, கம்பியில் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. அழுத்தம் பல ஆயிரம் வோல்ட் என்றாலும், துடிப்பு இமைப்பொழுதிலும் குறைந்த நேரமே நிற்கும், ஆற்றலும் அளவுக்குட்பட்டது. தொட்ட விலங்குக்குச் சுரீரென்று வலிக்கும். அடுத்த துடிப்பு வருமுன் அது விலகி ஓடிவிடும். மறுமுறை அந்தப் பக்கம் வரத் தயங்கும். மின்வேலி விலங்கைக் கொல்வதற்கு அல்ல, மிரட்டுவதற்கே.

இனி அமைக்கும் முறையைப் பார்ப்போம். மேய்ச்சல் இடத்தைச் சுற்றி நான்கு அடி உயரக் கம்பி வலை அடிக்க வேண்டும். அடியில் இரண்டு அடி வரை சிறு கண் வலையாக இருத்தல் நலம். வலையின் அடிப்பாகத்தில் ஓர் அடியை வெளிப்புறமாக மடித்துத் தரையில் படுக்க வைத்து, மண்ணும் கல்லும் இட்டு மூடினால், விலங்குகள் பறித்துக்கொண்டு உள்ளே வருவது தடைப்படும்.

வலைக்கு வெளியே 15 செ.மீ. தள்ளி, துத்தநாகம் பூசிய கம்பிகள் இரண்டை இழுத்துக் கட்ட வேண்டும். முதற்கம்பி தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்திலும், இரண்டாவது 30 செ.மீ. உயரத்திலும் இருக்கலாம். காட்டுப்பூனை ஏறிக் குதிக்கும் என்பதால், வலையின் உச்சியில் வெளிப்புறமாகத் தள்ளி மூன்றாவது கம்பி வேண்டும். கம்பிகளை இன்சுலேட்டர்களில்தான் கட்ட வேண்டும். கோழிகள் வலைக்கு உள்ளே இருப்பதால் கம்பியைத் தொடும் வாய்ப்பு இல்லை.

நிலத்தொடர்பு, அதாவது எர்த், சரியாக இல்லாவிட்டால் மின்வேலி வெறும் கம்பிதான். துத்தநாகம் பூசிய, ஒரு மீட்டர் நீளமுள்ள மூன்று கம்பங்களை, மூன்று மீட்டர் இடைவெளியில் ஈரப்பாங்கான இடத்தில் அடித்துக் கருவியோடு இணைக்க வேண்டும். வீட்டு எர்த்துக்கும் இதற்கும் குறைந்தது 10 மீட்டர் தூரம் வேண்டும். கோடையில் செம்மண் காய்ந்துவிட்டால் விலங்கின் கால் வழியே மின்சாரம் சரியாகப் பாயாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. கம்பி வலையையும் எர்த்தோடு இணைத்துவிடுங்கள். கம்பியையும் வலையையும் ஒருசேரத் தொடும் விலங்குக்கு மண் காய்ந்திருந்தாலும் முழு அதிர்ச்சி கிடைக்கும்.

பராமரிப்பில் மூன்று செய்திகளை மறக்க வேண்டாம். கம்பியில் புல், பூண்டு உரசினால் மின்துடிப்பு மண்ணுக்குள் போய்விடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது களை எடுக்க வேண்டும். வேலி சோதிப்பான் கொண்டு நாள்தோறும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 3,000 வோல்ட்டுக்குக் குறைந்தால் கோளாறு எங்கே என்று தேட வேண்டும். கம்பி கட்டிய அன்றே மின்துடிப்பை விட்டுவிட வேண்டும். வெறுங்கம்பியைத் தாண்டிப் பழகிய விலங்கு, பிறகு எளிதில் அஞ்சாது.

பெருமக்களே, இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். செலவைக் குறைக்க எண்ணிச் சிலர் வீட்டு இணைப்பிலிருந்தோ பம்புசெட்டிலிருந்தோ கம்பியில் நேரே மின்சாரம் விடுகிறார்கள். இது மின்வேலி அல்ல, கொலைப்பொறி. 230 வோல்ட் மின்சாரம் இடைவிடாமல் பாயும்போது தசைகள் இறுகிவிடும்; பிடித்த கையை எடுக்க முடியாது. நரிக்கு வைத்த கம்பியை, விடியலில் முட்டை எடுக்கப் போகும் உங்கள் தாயாரோ, பந்து எடுக்கப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோ தொட நேரிடலாம். 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டவிரோதமாக இடப்பட்ட மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. யானையையே சாய்க்கும் மின்சாரத்தின் முன் மனிதர் எம்மாத்திரம்?

அதே 2023-ஆம் ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகள் வகுத்தது. காப்புக்காடுகளை ஒட்டிய ஊர்களில் இருப்போர் வேலி போடும் முன் வனத்துறை அலுவலகத்தை அணுகுங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் விதிகளுக்கு உட்பட்ட கருவியையே வாங்குங்கள். கையால் செய்த கருவி வேண்டாம். ஒரே வேலியில் இரண்டு கருவிகளை இணைக்க வேண்டாம். முள்கம்பியில் மின்துடிப்பு விட வேண்டாம்; சிக்கியவர் விடுபட முடியாது. பாதையோரத்தில் எச்சரிக்கைப் பலகை கட்டாயம் தொங்க வேண்டும்.

கீரி, நரி, காட்டுப்பூனை, மரநாய் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. நஞ்சு வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றம். அன்றியும், இவை வயலில் எலிகளைத் தின்று நமக்கு நன்மையும் செய்கின்றன. இவற்றை அழிக்க வேண்டியதில்லை. கோழியிடம் வராமல் தடுத்தால் போதும்.

ஆகவே வரிசையை மனதில் கொள்ளுங்கள். முதலில் உறுதியான கூடு, அடுத்து வலை, அதற்கும் அடங்காவிட்டால் முறையான மின்வேலி. ஒரு கோழி போனால் அடுத்த அடையில் ஈடு செய்துவிடலாம். ஓர் உயிர் போனால் ஈடு கிடையாது.

இன்று மாலை வீடு திரும்பியதும், இருட்டும் முன் உங்கள் கோழிக்கூட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இரண்டு விரல் நுழையும் சந்து எங்கேனும் இருந்தால், அதை இன்றே அடைத்து விடுங்கள்.