பிள்ளை பார்க்கும் காசுக்கும் பற்றுச்சீட்டு

(கொழும்பில் பிள்ளை பராமரிப்பு வேலை செய்யும் மலையகப் பெண்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



துணி துவைக்கவும் ஊருக்குப் போன் பேசவும் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமைதான். அதையும் விட்டுவிட்டு வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்ட மாட்டோம். சம்பள உயர்வு பற்றியோ காணி உரிமை பற்றியோ இன்றைக்குப் பேசப் போவதில்லை. ஒரு கொப்பியையும் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் பற்றித்தான் பேசப் போகிறோம். இதற்கு ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் சிரிக்கிற தங்கச்சிமாருக்கு ஒரு கதை சொல்கிறோம்.

அண்மையில் ஒரு சகோதரி எங்களிடம் வந்தார். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில் வாடகை அறை. அந்த அறையிலேயே மூன்று பிள்ளைகளைக் காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணி வரை பார்க்கிறார். அதில் ஒரு குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. இரண்டு மாதக் காசு வர வேண்டும் என்கிறார் சகோதரி. நாங்கள் அந்தத் தாயோடு போனில் பேசினோம். அவர் கோபப்படவில்லை. "ஒரு மாதக் காசை மேசையில வச்சிட்டுப் போனேனே, அக்கா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருந்தா" என்றார். இரண்டு பேரில் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரிடமும் இருந்தது ஞாபகம் மட்டும்தான். நியாயம் கேட்கப் போன சங்கம் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் திரும்பி வந்தது. அந்தக் காசு போனது போனதுதான். அதைவிட, இரண்டு வருடம் தூக்கி வளர்த்த பிள்ளையைப் பார்க்கப் போகவும் அந்தச் சகோதரிக்கு இப்போது மனமில்லை.

கணக்கு வைப்பது நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத்தில் செக்ரோல் கிளாக்கரின் மேசையில் இருக்கும். அதில் யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்பதை அவர்தான் எழுதுவார். எழுத்துத் தெரியாத எங்கள் அம்மாமார் லயத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டார்கள். முழுப் பேருக்கு நெட்டைக் கோடு, அரைப் பேருக்குக் குட்டைக் கோடு. சம்பள நாளில் இரண்டு நாள் குறைந்தால் அந்தக் கோட்டை எண்ணிக்கொண்டுதான் ஆபிசுக்குப் போவார்கள். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும் அந்த மூலையை விட்டுவிட்டு அடித்த வீடுகள் உண்டு.

அதற்கும் முந்திய காலத்தில் கடதாசி நமக்கு எதிராகத்தான் இருந்தது. 'துண்டு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளிக்கு இருக்கும் கடனைக் குறித்துக் கொடுத்த சீட்டு அது. அந்தக் கடனைக் கட்டினால்தான் அடுத்த தோட்டம் ஆளை எடுக்கலாம். கடன் எப்படி ஏறியது என்று கணக்கு எழுதியவருக்குத்தான் தெரியும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். வீட்டு வேலைக்கு வந்த நம்மவர்களுக்கும் ஒரு கடதாசி இருந்தது. 1871ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளரைப் பதிவு செய்ய ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. ஆள் யார், எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், குணம் எப்படி என்றெல்லாம் பதிவு செய்யச் சொன்ன சட்டம். வேலைக்காரர் மீது ஒரு கண் வைத்திருக்க வந்த சட்டமே தவிர, அவருக்குச் சம்பளம் சேர்ந்ததா என்று பார்க்க வந்தது அல்ல.

பிறகு வந்த நல்ல சட்டங்களும் வீட்டு வாசலில் நின்றுவிட்டன. ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். வீட்டுப் பணியாளருக்கு அது கிடையாது. 1983இன் பணிக்கொடைச் சட்டத்திலும் அவர்கள் விடப்பட்டார்கள். 2016இல் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோதும் அவர்களை விலக்கித்தான் எழுதினார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவுக்குச் செக்ரோல் இருக்கிறது, சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது. அவருடைய மகள் கொழும்பில் பிள்ளை பார்க்கிறாள். அவள் இத்தனை வருடம் உழைத்தாள் என்று சொல்ல ஒரு வரி எழுத்து எங்கேயும் இல்லை.

பிரான்சில் நம் தமிழ்ச் சனம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்ணுக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பெற்றோர் மாதாமாதம் பஜாம்ப்ளுவா என்ற அரச சேவைக்கு அறிவிக்கிறார்கள். சம்பளச் சீட்டை அந்தச் சேவையே தயாரித்துக் கொடுக்கிறது. ஓய்வூதியத்துக்கான கணக்கும் அதிலேயே ஓடுகிறது. இங்கே அப்படியொன்று வரும் வரை சங்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவரைக்கும் அந்தச் சீட்டை நாமேதான் எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது? காபன் வைத்து எழுதும் பற்றுச்சீட்டுப் புத்தகம் புறக்கோட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இலக்கம் அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். மேல் தாள் பெற்றோருக்கு, அடித்தாள் உங்களுக்கு. பிழைத்துப் போனால் கிழித்து எறியாதீர்கள். குறுக்கே 'ரத்து' என்று எழுதி இரண்டு தாளையும் புத்தகத்திலேயே விடுங்கள். நடுவில் ஒரு இலக்கம் காணாமல் போனால் முழுப் புத்தகத்தின் மேலேயும் சந்தேகம் வரும். பிள்ளையின் பெயர், காசு தந்தவரின் பெயர், இலக்கத்திலும் எழுத்திலும் தொகை, கைக்காசா வங்கியா, உங்கள் கையெழுத்து. தமிழிலேயே எழுதுங்கள், அது செல்லும்.

இதில் முக்கியமானது ஒன்று இருக்கிறது. காசு கிடைத்த திகதி வேறு, எந்த மாதத்துக்கான காசு என்பது வேறு. எங்களிடம் வந்த தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் முளைத்தவை. ஒரு பிள்ளைக்கு மாதம் 15,000 ரூபா என்று வையுங்கள். தை மாதக் காசில் 10,000 தந்தார்கள், 5,000 நிலுவை. மாசியில் 15,000 தந்தார்கள். அவர்கள் கணக்கில் மாசி முடிந்தது. உங்கள் கணக்கில் அதில் 5,000 தைக்குப் போய், மாசிக்கு 5,000 இன்னும் வர வேண்டும். பங்குனியிலும் 15,000. இப்போது அவர்கள் 'ஒவ்வொரு மாதமும் முழுக்காசு தருகிறோமே' என்பார்கள், நீங்கள் 'ஒவ்வொரு மாதமும் குறைகிறதே' என்பீர்கள். உண்மையில் வர வேண்டியது ஒரே ஒரு 5,000. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் 'நிலுவை 5,000' என்று எழுதியிருந்தால் மூன்று மாதமும் மனக்கசப்பு இல்லை.

முற்பணம் வாங்கினால், அது கடைசி மாதத்தில் கழிக்க வேண்டியதா, திருப்பித் தர வேண்டியதா என்று அதே சீட்டில் எழுதுங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு வர வேண்டியவர் காலி வீதி நெரிசலில் ஏழரைக்கு வந்தால் அதற்குத் தனிக் காசா? பொங்கலுக்கு நீங்கள் ஒரு கிழமை ஊருக்குப் போனால் அந்த மாதம் வெட்டா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பத்து நாள் வராவிட்டால்? இவற்றைப் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் ஒப்பமிட்டு வையுங்கள். கொப்பியில் தினமும் ஒரு வரி போதும்: எந்தப் பிள்ளை வந்தது, எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள். அன்றன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதுவது கணக்கு அல்ல, கதை.

இது வழக்குக்கு உதவுமா என்று ஒரு அக்கா கேட்டார். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், தொழிலில் ஒழுங்காக எழுதி வந்த கணக்குப் புத்தகத்தைச் சான்றாக எடுக்கலாம் என்கிறது. ஆனால் அது மட்டும் தனியே ஒருவர் மீது கடனைச் சுமத்தப் போதாது என்றும் சொல்கிறது. அதனால்தான் கொப்பியோடு மற்றவரின் கையெழுத்தோ வங்கிச் சீட்டோ சேர்ந்திருக்க வேண்டும் என்கிறோம். வட்ஸ்அப்பில் 'அக்கா, காசு போட்டாச்சு' என்று வரும் செய்தியும் உதவும். ஆனால் போன் தொலைந்தால் அதுவும் தொலையும், கொப்பியில் எழுதிவிடுங்கள். இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். செய்த வேலைக்கான கூலிக்கும் பணியாளர் சம்பளத்துக்கும் வழக்குப் போடுவதென்றால், அந்தக் காசு வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், அதுவும் 1871ஆம் ஆண்டுதான். 'பிறகு பார்ப்போம்' என்று இரண்டு வருடம் பொறுத்தவருக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

எழுதினால் வரி வரும் என்ற பயமும் இருக்கிறது. 2025 சித்திரையிலிருந்து வருடம் 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை. மாதத்துக்கு 150,000 ரூபா. நான்கு பிள்ளைகளை 15,000 வீதம் பார்த்தாலும் 60,000தான் ஆகிறது. அந்த எல்லையைத் தாண்டிய அக்கா யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களுக்குத் தேநீர் வாங்கித் தரலாம். வங்கியில் சிறு கடன் கேட்கப் போனால் வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்பார்கள். அப்போது இரண்டு வருடத்துப் பற்றுச்சீட்டு அடித்தாள்களை மேசையில் வைக்கலாம்.

பெற்றோர் வீட்டுக்கே போய்ப் பிள்ளை பார்க்கிறவர்கள், நீங்கள் சீட்டுக் கொடுப்பவர் அல்ல, சீட்டு வாங்க வேண்டியவர். கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் கொப்பியில் நீங்களே மாதம், தொகை எழுதி 'இதில ஒரு கையெழுத்துப் போடுங்க நோனா' என்று நீட்டுங்கள். தீபாவளிச் சேலையையும் மிஞ்சிய சோற்றையும் சம்பளத்தில் சேர்க்க விடாதீர்கள். சர்வதேச தொழில் தாபனம் 2011இல் நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம், வீட்டுப் பணியாளர் சம்பளத்தை மாதம் ஒரு தடவையாவது காசாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. பொருளாகக் கொடுப்பதற்கு எல்லை வைக்கச் சொல்கிறது.

சீட்டை நீட்டினால் 'எங்களை நம்பவில்லையா' என்று கேட்பார்களே என்கிறீர்கள். அதற்கு எங்கள் தவறையே சொல்கிறோம். நாங்கள் தோட்டத்தில் முன்பள்ளி நடத்தியபோது மாதக் காசு வாங்கி ஒரு கொப்பியில் சரி அடையாளம் மட்டும் போடுவோம், சீட்டுக் கொடுப்பதில்லை. ஒரு தாய்க்கு இரண்டு மாதம் பாக்கி என்று மற்றத் தாய்மார் முன்னால் சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பிறகு பார்த்தால், அதே பெயருள்ள இன்னொரு பிள்ளைக்கு நேரே அந்தச் சரியைப் போட்டிருந்தோம். கொழுந்து பறித்த கையால் எண்ணித் தந்த காசு. லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கையில் ஒரு சீட்டு இருந்திருந்தால் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டார். ஆகவே பெற்றோர் கேட்டால் 'இது உங்களுக்குத்தான், நான் மறந்தாலும் உங்களிடம் இருக்கட்டும்' என்று சொல்லுங்கள். பொய்யில்லை.

சங்கச் சந்தாவுக்கும் எங்களிடம் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தராவிட்டால் சந்தா தராதீர்கள்.

வாசல் மேசையில் ஆளுக்கொரு கொப்பியும் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகமும் இருக்கின்றன. எழுதச் சிரமப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் எழுதத் தெரிந்த தங்கச்சி ஒருவர் உட்காருங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், பார்க்கிற பிள்ளைகளின் பெயர், ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்றைய திகதி வரை வர வேண்டிய நிலுவை. நிலுவை சரியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவரும்போது பெற்றோரோடு சேர்ந்து பார்த்து எழுதலாம். பேனை இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்.