மின்மினி முகாமில் மூத்தோர் பணி

மொழியின் பொருட்டோ சமயத்தின் பொருட்டோ பாடசாலையில் இகழப்பட்ட பிள்ளைக்கு, மாலையில் வீடு திரும்பியதும் ஆறுதல் ஒன்று உண்டு. அதே மொழியைப் பேசும் தாயும், அதே இகழ்ச்சியைத் தம் இளமையிற் பொறுத்துக் கடந்த தந்தையும் அங்கு இருப்பர். தன்பாலீர்ப்புடைய பிள்ளைக்கும், பிறப்பிற் குறிக்கப்பட்ட பாலோடு உள்ளம் ஒவ்வாத திருநர் பிள்ளைக்கும் இவ்வாறுதல் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. பெற்றோர் எத்துணை அன்புடையராயினும் தாம் அந்நிலையை அறிந்தவர் அல்லர். பாடசாலையிற் கேட்ட ஏளனச் சொல்லையே இராச் சாப்பாட்டின்போது தமையன் வாயிலும் கேட்க நேரும். பிள்ளை தன் வீட்டிலேயே தனித்துப் போகிறது.

இக்குறையை நிரப்பும் முயற்சிகளுள் ஒன்று கனடா நாட்டில், அல்பேர்ட்டா மாகாணத் தலைநகராகிய எட்மன்ரனில், 2004ஆம் ஆண்டு தொடங்கிற்று. அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்துக் கல்வித்துறையைச் சேர்ந்த அன்ட்ரே கிரேஸ், கிறிஸ்தோபர் வெல்ஸ் எனும் இருவர் அதனை ஆரம்பித்தனர். 14 முதல் 24 வயதுவரையுள்ள தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளையோரும் திருநர் இளையோரும் சில நாள் ஒருங்கே தங்கித் தலைமைப் பயிற்சி பெறும் முகாம் அது. அதன் பெயர் 'பயர்பிளை'. இளமை, மீண்டெழும் ஆற்றல், தலைமை முதலியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்த பெயராயினும், காதிற் கேட்கும்போது மின்மினி எனப் பொருள்படும். பின்னர் கல்கரி நகரிலும், அயல் மாகாணமாகிய சஸ்காச்சுவானிலும் இம்முகாம் நடைபெற்றது.

எட்மன்ரனுக்கு இவ்விடயத்தில் ஒரு முன்கதை உண்டு. அந்நகரக் கல்லூரியொன்றின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய டெல்வின் விறீண்ட் என்பவர், தன்பாலீர்ப்புடையவர் என்பதற்காக 1991இல் வேலைநீக்கஞ் செய்யப்பட்டார். மாகாண மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டபோது, சட்டத்தில் அதற்கு இடமில்லை என அவ்வாணைக்குழு கைவிரித்தது. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1998 ஏப்ரில் 2ஆம் நாள், பாலீர்ப்பின் பேரிற் காட்டப்படும் பாகுபாட்டையும் அச்சட்டம் தடுப்பதாகவே கொள்ளல் வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. அதுவரை அம்மாகாணத்தில் இவ்வகை ஆசிரியர் இல்லாமலில்லை. இருந்தோர், வேலை போய்விடும் என அஞ்சி வாய்மூடி இருந்தனர். மாணாக்கரின் கண்ணுக்கு அவர் புலப்படவேயில்லை. தீர்ப்பு வந்து ஆறாண்டிற்குள் கல்வித்துறையார் இருவர் இத்தகைய முகாமொன்றை வெளிப்படையாக நடத்த முன்வந்ததை இவ்வரலாற்றோடு சேர்த்தே நோக்குதல் பொருந்தும்.

இனி, இத்தகைய முகாம்களிற் பணி செய்யும் மூத்தோரைப் பற்றிச் சிறிது கூறலாம். அவர் தொண்டர், ஊதியம் பெறுவதில்லை. ஆசிரியர், தாதியர், சமூக சேவையாளர், நாடகக் கலைஞர் எனப் பல தொழிலினரும் அவருட் காணப்படுவர். சிறுவரோடு பழகும் பணியாதலின், பொலிஸ் சான்று பெற்ற பின்னரே எவரும் சேர்க்கப்படுவர். இளையோர் சிறு சிறு குழுக்களாக இருந்து நாடகம் ஆடுவர், சித்திரம் தீட்டுவர், உடல்நலம் பற்றியும் வன்சொல்லை எதிர்கொள்ளும் வகை பற்றியும் உரையாடுவர். குழுவின் அருகே மூத்தவர் ஒருவர் இருப்பார். கனடாவின் வடபாற் கோடையில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் மறைவதில்லை. ஆதலின் பேச்சும் எளிதில் ஓய்வதில்லை. நுளம்புக்கும் குறைவில்லை.

அப்பேச்சின்போது இளையோர் கேட்கும் கேள்விகளே கவனத்திற்குரியன. தத்துவ விசாரணை எதுவும் அவற்றில் இராது. என்ன தொழில் செய்கிறீர்? வீட்டிற் சமைப்பவர் யார்? உம்முடைய தாயார் உம்மோடு பேசுகிறாரா? முதுமையில் உம்மை யார் பார்ப்பர்? நாற்பது ஐம்பது வயதைக் கடந்து, மூக்குக்கண்ணாடியணிந்து, முழங்கால் நோகிறதென்று முணுமுணுத்துக்கொண்டு, தம்மைப் போன்ற ஒருவர் எதிரே அமர்ந்து தேநீர் அருந்துவதை அவருட் பலர் அன்றுதான் முதன்முறை காண்கின்றனர். வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். துணைக்கொள்ளப் பெரியாரே கண்ணிற் படாத பிள்ளை என்செய்யும்? அப்பெரியாரின் தலைமுறையும் மெலிந்த தலைமுறையே. 1980களிலும் 1990களிலும் எயிட்ஸ் நோய் வட அமெரிக்காவில் அவருட் பெருந்தொகையினரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோரிற் பலர் மறைந்தே வாழப் பழகியிருந்தனர்.

தொண்டர்க்கு மிகவும் அரிதான பயிற்சி, தம் கதையை அடக்கிக்கொள்வதே. தாம் பட்ட துன்பத்தை மனமுருகச் சொன்னால் இளையோர்க்கு ஆறுதலாகும் எனப் புதியவர் எண்ணுவர். அரைமணி நேரத்தில், பதினைந்து வயதுப் பிள்ளை ஐம்பது வயதினர்க்கு ஆறுதல் கூறிக்கொண்டிருக்கும்! கேட்ட கேள்விக்கு மட்டும் விடை கூறி நிறுத்துபவரே அங்குப் பயன்படுவர்.

அதனினும் இடர் மிக்க நேரம் ஒன்றுண்டு. சூழ்ந்திருப்போர் அனைவரும் தம்மவராயிருக்கும் உவகையில், மூன்றாம் நாள் இரவு ஒரு பிள்ளை, "இப்பொழுதே வீட்டிற்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன்" என்று எழுந்து நிற்கும். கைதட்டுவோர் பலர் இருப்பர். மூத்தவர் கைதட்டலாகாது, தடுத்தலும் ஆகாது. வீட்டில் இப்பொழுது யார் யார் இருக்கின்றனர்? தந்தை சினந்தால் நாளை எங்கே உறங்குவாய்? படிப்புச் செலவு யாருடையது? முதலில் மாமிக்குச் சொல்லிப் பார்க்கலாமா? இவ்வாறு ஒவ்வொன்றாய்க் கேட்பதே அவர் கடமை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடற்றுத் திரியும் இளைஞருள் இவ்வகையினர் தம் தொகைக்கு மிஞ்சிய அளவிற் காணப்படுகின்றனர் என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. முகாம் சில நாளில் முடியும். பிள்ளை திரும்பிச் செல்ல வேண்டிய வீடு அதுவே. சில பிள்ளைகள் அன்றிரவே பேசத்தான் செய்கின்றன. அப்பொழுது மூத்தவர் அருகில் இருந்து, பேச்சு எப்படி முடிந்தாலும் விடியும்வரை விழித்திருப்பார்.

இரகசியம் காப்பேன் என்று முழுவாக்குக் கொடுத்தலும் கூடாது. பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணமிருப்பின், எவராயினும் அதனை அறிவித்தே ஆகவேண்டும் என்பது அல்பேர்ட்டாச் சட்டம். இதனைப் பிள்ளை வாய்திறக்குமுன் சொல்லிவிடல் வேண்டும். பின்னர்ச் சொன்னால் அது துரோகமாகவே தோன்றும்.

தலைமைப் பயிற்சி என்பது பெரும்பாலும் சிறு காரியங்களே. கூட்டம் நடத்துதல், அறிக்கை எழுதுதல், பாடசாலை அதிபருக்குப் பணிவும் உறுதியுமுள்ள கடிதமொன்று வரைதல். இவ்வகை மாணாக்கரும் பிற மாணாக்கரும் சேர்ந்து நடத்தும் சங்கங்கள் அந்நாட்டுப் பாடசாலைகளில் உண்டு. மாணாக்கர் கேட்டால் அத்தகைய சங்கத்துக்கு இடமளித்தல் வேண்டும் என 2015இல் அல்பேர்ட்டா சட்டமியற்றிற்று. 2024இல் இயற்றிய வேறொரு சட்டமோ, 16 வயதுக்குக் குறைந்த மாணாக்கர் தம் பாலுணர்வுக்கேற்பப் பாடசாலையில் வேறு பெயர் கொண்டு அழைக்கப்பட வேண்டுமாயின் பெற்றோரின் இசைவு தேவை என விதித்தது. பெற்றோரின் கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தம் பிள்ளைக்கு என்ன நேர்கிறதென்று அறிய விரும்பாத பெற்றோரும் உளரோ? ஆயினும் சொல்ல அஞ்சும் பிள்ளையிடம் அவ்வச்சத்திற்குக் காரணம் ஏதேனும் இருத்தல் கூடும். சட்டத்தின் ஒரு வரி அக்காரணத்தை ஆராயாது. ஆராயப் பொறுமையுள்ள ஒருவர் அருகே வேண்டும்.

இறுதி நாளிற் பெட்டி கட்டும்போது, கனடாவில் 1989 முதல் இளையோர்க்கென இயங்கிவரும் உதவித் தொலைபேசியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுமாறு கூறுதல் வழிகாட்டிகளின் வேலைகளுள் ஒன்று. வீட்டிற்கு அழைக்க நேரின் எப்பெயர் சொல்லி அழைப்பது என்றும் தனித்தனியே கேட்டுக்கொள்வர். முகாமில் வழங்கிய பெயர் வீட்டில் தெரியாதிருக்கலாம். வந்து சென்ற இளையோருட் சிலர் மறுமுறை குழுவுக்கு உதவும் இளந்தலைவராய்த் திரும்புகின்றனர். வயது வரம்பைக் கடந்து, தொழிலில் அமர்ந்தபின் தம் விடுமுறையைச் செலவிட்டு மூத்தோர் வரிசையில் வந்து அமர்வோரும் உளர். அவரிடமும் அதே கேள்விகளே கேட்கப்படுகின்றன: என்ன தொழில்? வீட்டிற் சமைப்பவர் யார்?