மலைபடுகடாமும் கடைசிப் பஸ்ஸும்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மட்டக்களப்பில் ஒருவர் மலை பார்க்கப் போகிறேன் என்றால், நுவரெலியாவுக்கா, சிவனொளிபாதத்துக்கா என்றுதான் கேட்பார்கள். நமக்கு வாவி உண்டு, கடல் உண்டு, வயல் உண்டு. மலை ஏது என்பது பொதுவான எண்ணம். களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வெல்லாவெளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று நம் முன்னோர் பெயரிட்டதன் பொருத்தம் பாலத்தைத் தாண்டியதுமே தெரியும். கடற்காற்று பின்தங்கிவிடும். பழுகாமம், போரதீவுப் பக்கத்து வயல்கள் விரியும். வெல்லாவெளியையும் தாண்டி மேற்கே போகப் போக, வயலுக்கு நடுவே யானை படுத்திருப்பதுபோல் கரும்பாறைகள் தோன்றும். அவற்றுக்கப்பால் பற்றைக்காடு, பிறகு பெருங்காடு, அதற்குள்ளே சிறு மலைகள்.

இந்த மலைகள் உயரத்தால் பேர் பெற்றவை அல்ல. ஆனால் பழையவை, மனிதர் பழகியவை. இப்பக்கத்துப் பாறைகள் சிலவற்றில் ஈராயிரம் ஆண்டுப் பழைமையுள்ள பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. வடக்கே தாந்தாமலையின் அடிவாரத்தில் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். அங்கும் பாறைமேல் பழைய கட்டடச் சிதைவுகள் உண்டு. இன்னும் வடக்கே, கிரானுக்கு மேற்கே குடும்பிமலை நிற்கிறது. வெள்ளைக்காரர் அதன் உருவத்தைப் பார்த்துப் 'பரனின் தொப்பி' என்று பெயர் வைத்தார்கள். நம்மவர் கண்ணுக்கு அது குடுமியாகப் பட்டது. ஒரே மலை, பார்த்தவன் தலையில் இருந்ததைப் பொறுத்துப் பெயர் மாறியது!

நான் ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பஸ் போகும் கடைசி ஊர்வரை போய், அங்கிருந்து கால்நடையாகக் காட்டோரம் சுற்றி, மாலைப் பஸ்ஸில் திரும்புவது என் பழக்கம். ஊரவர்களுக்கு இது விளங்காது. நம்மிடையே நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நேர்த்திக்காக நடப்பார்கள். உகந்தையிலிருந்து குமண, யால காடுகளூடாகக் கதிர்காமம் வரை நடக்கும் அடியார்களைப் பாருங்கள். இல்லையேல் மாடு தேடி, தேன் தேடி, விறகு தேடி நடப்பார்கள். ஒன்றுமே தேடாமல் நடப்பவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நானும் என் நடைக்கு ஒரு காரணம் சொல்லிவைத்திருந்தேன்: மலைபடுகடாத்தைக் காலால் படிக்கிறேன் என்று.

நேயர்களே, பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்ட பாட்டு மலைபடுகடாம். 583 அடிகள். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது இதுவும் அச்சேறியது. நன்னன் என்னும் தலைவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் வறிய கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்தல். மற்ற ஆற்றுப்படைகளும் வழியைச் சொல்கின்றன. இது வழியின் ஆபத்தையும் விரித்துச் சொல்கிறது.

தினையைத் தின்னவரும் பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும், இருட்டில் நடவாதே என்கிறான். பரணில் இருக்கும் கானவர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னே ஒதுங்கி நில் என்கிறான். பாம்பு கிடக்கும் குழிகளைப் பார்த்துப் போ, வழுக்கும் பாறையில் வேரையும் கொடியையும் பற்றிக்கொள், இரவானால் குகையில் தங்கு என்கிறான். இடையிலே ஒரு சின்னச் சொல்: பாதை பிரியும் இடத்திலே, பின்னால் வருகிற புதியவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போங்கள்.

இதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். இதன் பொருள் எனக்குத் தெரியாது என்பதை அறிந்தது 2012ஆம் ஆண்டு மாசி மாதத்தில்.

அன்று வெல்லாவெளிக்கு மேற்கே ஒரு குடியேற்றக் கிராமத்தில் காலைப் பஸ்ஸால் இறங்கினேன். கடைசிப் பஸ் ஐந்து மணிக்கு என்று நடத்துநர் இருமுறை சொன்னார். வயலோரமாக நடந்து, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் புகுந்து, ஒரு பாறை மலையில் ஏறினேன். உச்சியில் இருந்து பார்த்தால் கிழக்கே வாவி ஒரு வெள்ளிக் கோடு. மேற்கே ஊவாப் பக்கத்து மலைகள் நீலமாக அடுக்கடுக்காக. நேரம் போனதே தெரியவில்லை. இறங்கும்போது பாதை இரண்டாகப் பிரிந்தது. காலையில் அந்தக் கவரை நான் கவனிக்கவே இல்லை. புல் முடிவதைப் பற்றிப் பாடம் நடத்தியவன், ஒரு கிளையைக்கூட முறித்துவைக்கவில்லை.

எடுத்த பாதை பிழையானது. காட்டை விட்டு வெளியே வந்தபோது பொழுது பட்டுவிட்டது. முன்னே விளைந்த வயல். எந்த ஊர் வயலென்று தெரியாது. கைத்தொலைபேசியை வீட்டில் மறந்து வந்திருந்தேன். மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தபோதுதான் பயம் பிடித்தது. அந்த நேரம் இருட்டுக்குள் இருந்து ஒரு குரல்.

"ஆரது? அங்கேயே நில்லுங்க! அசையாதீங்க!"

நின்றேன். எனக்கு வலப்பக்கத்தில் கிளை முறியும் சத்தம். பரணில் இருந்து ஒரு தீப்பந்தம் அசைந்தது; யானை வெடி ஒன்று வெடித்தது. பெரிய உருவமொன்று காட்டுக்குள் திரும்பிப் போவதைக் கண்ணால் காணவில்லை, காலடியில் நிலம் சொல்லியது.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் பரணிலிருந்து இறங்கி வந்தார். ஏசவில்லை. "மனே, பொழுது பட்டா இது எங்கட பாதையில்ல, ஆனைட பாதை" என்றார். வாடியில் வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தன் தொலைபேசியை நீட்டி, "முதல்ல வீட்டுக்குச் சொல்லுங்க" என்றார். அன்றிரவு விடிய விடிய அவருடன் காவலிருந்தேன். யானைமேல் கோபமில்லையா என்று கேட்டேன். "கோபமிருக்கு. ஆனா அதுக்கும் போக இடமில்லையே" என்றார்.

அந்தப் பதிலுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது காடு வெட்டிக் குடியேற்றங்கள் எழுந்தன. 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா வகுக்கப்பட்டது. ஆனால் வரைபடத்தில் இட்ட கோட்டை யானை அறியாது. பிறகு போர். இடம்பெயர்ந்தவர்களின் வயல்களைக் காடு மூடியது. 2007இன் பின்னர் மக்கள் திரும்பியபோது, இரு சாராருமே அது தம் நிலம் என்று நின்றார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 150க்கும் மேற்பட்ட மனிதரும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் இந்த மோதலில் மாண்டனர். பரணும் தீயும் வெடியுமாகப் பெருங்கௌசிகனார் காட்டிய காவல் இன்னும் முடியவில்லை. கவண்கல்லின் இடத்தில் வெடி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விடிந்ததும் பெரியவர் பஸ் தரிப்பிடம் வரை கூட வந்தார். நான் வழிதவறிய கவருக்கு வந்ததும் நின்று, ஒரு சிறு கிளையை முறித்து, சரியான பாதைப் பக்கமாகச் சாய்த்துவைத்தார். இனி யார் ஐயா இதால் வரப்போகிறார்கள் என்று கேட்டேன்.

"பின்னால வாறவனை எங்களுக்குத் தெரியுமா மனே?" என்றார்.

உரையாசிரியர்கள் எழுதிய எந்தக் குறிப்பும் அந்த அடியை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அடுத்த சில ஆண்டுகளும் அந்தக் காவல் வாடிக்குப் போய்வந்தேன். எந்தப் பாறைச் சுனையில் ஆடி வரை தண்ணீர் நிற்கும், எந்த மரத்தில் கரடி ஏறிய கீறல் இருந்தால் திரும்பிவிட வேண்டும் என்றெல்லாம் சொல்வார். எழுதி வைக்க வேண்டும் என்று நினைப்பேன். அடுத்தமுறை கொப்பி கொண்டுபோகலாம் என்று விட்டுவிடுவேன். ஒருமுறை போனபோது பரண் சரிந்து கிடந்தது. அவர் காலமாகி மூன்று மாதம் என்றார்கள். அவர் காட்டிய பாதைகளில் பாதியைப் பற்றை மூடிவிட்டது. அவருடைய பிள்ளைகள் நகரத்தில் தொழில் பார்க்கிறார்கள், அது குற்றமல்ல. குற்றம் என்னுடையது. புல்லை முடிந்து வைக்க வேண்டியவன் இரண்டாம் முறையும் மறந்தேன்.

ஆகவே நேயர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் வழி அறிந்த ஒருவர் இருப்பார். அவரிடம் போய் இருங்கள். எந்த வளைவு, எந்தச் சுனை, எந்த நேரம் ஆகாது என்று கேட்டு எழுதுங்கள். செய்யுளாக வேண்டாம், பிள்ளைகளின் கொப்பித் தாளில் எழுதினாலும் அதுவும் ஆற்றுப்படைதான். அந்த வழியில் நடக்க விரும்பினால் ஊரவர் ஒருவரோடு நடவுங்கள். அதற்கு முன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, கேட்டபடி திரும்புங்கள்.