வாவிக்கரையின் காவலர்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்கு நிலம் எழுவான்கரை. வயல்கள் சூழ்ந்த மேற்கு நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் கொண்டு முன்னோர் இட்ட பெயர்கள் இவை. எழுவான்கரை கடலுக்கு அஞ்சும். படுவான்கரை மாரி வெள்ளத்துக்கு அஞ்சும். சூறாவளி வந்தாலோ இரு கரைக்கும் துன்பம் ஒன்றே.

அனர்த்த ஆராய்ச்சி என்றதும் கட்டடமும் கருவியும் நினைவுக்கு வருதல் இயல்பு. இப்பகுதியிலோ அதன் தொடக்கம் மக்களின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. மாரியில் வாவி பெருகி வயல்களை மூடத் தொடங்கினால், முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணல் திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது வழக்கம். எப்போது வெட்டுவது என்பதிலேதான் நுட்பம் இருக்கிறது. பிந்தினால் பயிர் அழுகும். முந்தினால் மீன்வளம் குன்றும் என்பது மீனவர் கவலை. உழவரும் மீனவரும் உத்தியோகத்தரும் கலந்து பேசாமல் இதற்கு நல்ல முடிவு காண்பது அரிது.

ஆயினும் இவ்வனுபவ அறிவுக்கும் எல்லை உண்டு. 1978 நவம்பர் 23ஆந் தேதி வீசிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலைத்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. நாட்டில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2004 டிசெம்பர் 26ஆந் தேதி காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. தொலைநாட்டு நிலையங்கள் நில அதிர்ச்சியைப் பதிவு செய்திருந்தன. அச்செய்தியை நாவலடியின் வீட்டு வாயில்களுக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுதான் இருக்கவில்லை. உயிர் காக்கப் போதுமாயிருந்த நேரம் வீணே கழிந்தது.

அந்தக் குறையை நீக்கவே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றியது. மாவட்டந்தோறும் அதற்கு அலகுகள் அமைந்தன. 2012 ஏப்ரில் 11ஆந் தேதி பிற்பகல் சுமாத்திராக் கடலில் மீண்டும் பெரிய நில அதிர்ச்சி உண்டானபோது எச்சரிக்கை பிறந்தது. கரையோர மக்கள் உள்நிலம் நோக்கி விரைந்தனர். பேரலை எழவில்லை. எனினும் அன்று செய்தி, அலைக்கு முன்னரே மக்களை எட்டிவிட்டது.

எச்சரிப்பதோடு பணி முடிவதில்லை. இழந்த வாழ்வை மீட்டுத் தருதலும் வேண்டும். மட்டக்களப்புப் பகுதியில் வீடு மகளுக்குச் சீதனமாக வருவது மரபு. மணமான பின் கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். அலையில் அழிந்தவற்றுள் பல அத்தகைய சீதன வீடுகள். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று வடக்குக் கிழக்கில் முதலில் விதிக்கப்பட்டது. புதிய இடங்களில் வீடு வழங்கியபோது, குடும்பத் தலைவர் என்ற பெயரால் உரிமை ஆண்களுக்குச் சென்றுவிடும் நிலை உண்டாயிற்று. தாய்வழி வந்த உரிமை ஒரு படிவத்தின் கட்டத்தில் மறைந்துபோக இருந்தது.

2005இல் மட்டக்களப்புப் பெண்கள் ‘அனர்த்த முகாமைத்துவத்துக்கான பெண்கள் கூட்டமைப்பு’ என ஒன்றுகூடினர். பெண்களின் பாதுகாப்பையும் வீட்டுரிமையையும் அவர்கள் எடுத்துரைத்தனர். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் சீதன வீட்டின் கதையை ஆராய்ந்து எழுதினர். பெண்கள் நேரில் உணர்ந்து சொன்னதும் அறிஞர் ஆராய்ந்து கண்டதும் இங்கே ஒன்றுபட்டன. ஊரின் வழக்கத்தை அறியாத உதவி, உதவி பெறுவோருக்கே புதிய இழப்பாகலாம் என்பதை இரண்டும் உணர்த்தின.

2004இன் பின்னர் பிறந்த பிள்ளைகள் இன்று இளைஞராய் வளர்ந்துவிட்டனர். அவர்களுக்கு ஆழிப்பேரலை பிறர் சொல்லக் கேட்ட செய்தியே. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கலாகாது என்பதும், எந்தப் பாதை மேட்டு நிலத்திற்குச் செல்லும் என்பதும், வீட்டு முதியோரை யார் அழைத்துச் செல்வது என்பதும் அவர்களுக்கு இப்பொழுதே தெரிந்திருத்தல் வேண்டும். வானிலையைக் கணிப்பவர், அச்செய்தியை ஊருக்குக் கொணரும் கிராம உத்தியோகத்தர், அதனை அண்டை வீட்டார்க்கு உரைக்கும் பெண் ஆகிய இவர்களே வாவிக்கரையின் காவலர். இவர்களுள் ஒருவர் தவறினும் இரண்டு மணி நேரம் மறுபடியும் வீணாகிவிடும்.