பொன்னாடையும் இரும்புச் சிலுவையும்



மேடையேறியதும் எனக்கொரு பொன்னாடை போர்த்தினீர்கள். சித்திரை வெக்கை தாங்காமல் அதைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டிருக்கிறேன், குறை நினைக்கவேண்டாம். இன்றைய பேச்சும் பொன்னாடையைப் பற்றியதுதான். இரண்டாம் உலகப்போர் முடியுமுன்னே தளபதிகளுக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள்.

நமது வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்று கிழக்கே பாருங்கள். அந்தக் கடலடியில், ஐம்பது மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில், ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை, அது மட்டக்களப்புக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தபோது யப்பானிய வேவு விமானமொன்றின் கண்ணில் பட்டது. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள் பத்தரை மணியளவில் வந்தன. பதினொரு மணிக்கு முன்னரே கப்பல் தாண்டுவிட்டது. கப்டன் ஒன்ஸ்லோவோடு முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூடவந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் போயிற்று. நீரில் தத்தளித்தவர்களில் ஏறத்தாழ அறுநூறு பேரை வீற்றா என்ற வைத்தியக் கப்பல் அள்ளியெடுத்தது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானங்கூட இல்லை. அதன் சுவோட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலை சீனன்குடாவில் தரையில் நின்றன. பாதுகாப்புக்கு விமானம் கேட்டார்கள். வந்து சேர்ந்தபோது கப்பல் இல்லை.

அடித்தவர்கள் என்ன ஆனார்கள்? அந்தக் கப்பற்படைக்குத் தலைவர் நகுமோ. விமானி அல்லர், டோர்பிடோப் பிரிவில் வளர்ந்தவர். 1944 யூலையில் சைப்பான் தீவு விழுந்தபோது தற்கொலை செய்துகொண்டார். ஹெர்மிஸ் மூழ்குவதற்கு நான்கு நாள் முன்னர், 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்ற இரு கப்பல்களையும் மூழ்கடித்த விமானங்களை வழிநடத்திய எகுசா, அதே சைப்பானுக்கு அருகே 1944 யூனில் விழுந்தார். இறந்தபின் அவருக்கு இரண்டு படி பதவியுயர்வு. செத்தவருக்குச் சம்பள உயர்வு கொடுப்பதில் எந்த அரசுக்கும் கைநடுக்கம் இருந்ததில்லை. 1890இல் தொடங்கிய யப்பானின் தங்கப் பருந்து விருதோ 1947இல் ஒழிக்கப்பட்டது.

பதக்கத்துக்கு மாடி மேல் மாடி கட்டியவர்கள் ஜேர்மனியர். இரும்புச் சிலுவை, அதற்கு மேல் வீரச்சிலுவை, அதற்கும் மேல் ஓக் இலை, வாள், வைரம். உச்சியிலிருந்த பெருஞ்சிலுவையை அந்தப் போரில் ஒருவர்தான் அணிந்தார்: வான்படைத் தலைவர் கோரிங், 1940இல். வான்படைத் தளபதி கெசல்றிங் பீரங்கிப் படையிலிருந்து வந்தவர். நாற்பத்தெட்டு வயதில் விமானமோட்டப் பழகினார். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். 1944 யூலையில் அவருக்கு வைரம் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், அவருடைய பொறுப்பிலிருந்த இத்தாலியில், ரோமாபுரிக்கு வெளியே ஒரு குகையில் 335 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 1947இல் வெனிசு நகரில் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டு, 1952இல் வெளியே வந்தார். 1957இல் மேற்கு ஜேர்மனி ஒரு சட்டம் செய்தது: பழைய பதக்கத்தை அணியலாம், சுவஸ்திகா மட்டும் இருக்கக்கூடாது. சின்னத்தைச் சுரண்டிவிட்டால் மார்பு சுத்தமாகிவிடும் என்று நினைத்தார்கள் போலும்.

இனி நான் சொல்ல வந்த ஆள். லெனார்ட் பிர்ச்சோல், கனடாக்காரர். தெற்கே கொக்கல ஏரியிலிருந்து கற்றலீனா பறக்கும் படகில் போனார். 1942 ஏப்ரல் 4 மாலை, இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 350 மைல் தொலைவில் நகுமோவின் கப்பற்படையைக் கண்டார். வானொலியில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே சீரோ விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் மிஞ்சினர், பிடிபட்டனர். அவர் ஒரு விமானத்தையும் வீழ்த்தவில்லை, ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. கண்டார், சொன்னார். அதற்கு ஒரு பதக்கம்.

இரண்டாவது பதக்கத்துக்கு விமானமே தேவைப்படவில்லை. மூன்றாண்டுக்கு மேல் யப்பானியச் சிறைமுகாம்களில் நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது குறுக்கே நின்றார், அடி வாங்கினார். அதற்காக 1946இல் கௌரவித்தார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கனடாப் படைகளில் நல்லொழுக்கத்தோடு பன்னிரண்டு வருடம் சேவை செய்தவருக்கு ஒரு சாதாரணப் பதக்கம் உண்டு. படைச் சமையற்காரரும்கூட வாங்கலாம் என்று சொல்லத்தக்க எளிமை. பின்னர் பத்து வருடத்துக்கு ஒருதரம் அதன் நாடாவில் ஒரு பட்டை ஏறும். 2004இல் பிர்ச்சோல் இறந்தபோது அவரது நாடாவில் ஐந்து பட்டைகள் இருந்தன. பன்னிரண்டும் ஐம்பதும், அறுபத்திரண்டு வருடம்.