இது சைக்கிளா, வண்டியா?

 

என் வீட்டிலிருந்து ரயில் நிலையம் நான்கு கிலோமீட்டர். இரண்டு ஆண்டுகளாக மின்சைக்கிளில்தான் போய்வருகிறேன். முதல்நாள், ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சார், இது சைக்கிளா, வண்டியா?" என்று கேட்டார். சைக்கிளுக்கு ஒரு கட்டணம், வண்டிக்கு இன்னொன்று. பெடலைச் சுற்றிக் காட்டினேன். அவர் கண் மோட்டார்மீதே இருந்தது. வண்டிக்கான கட்டணத்தையே வாங்கிக்கொண்டார். அந்த எளிய மனிதர் கேட்டதைவிடக் கூர்மையான கேள்வி ஆய்வாளர்கள் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்கு வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நம் மோட்டார் வாகன விதிகளில் இதற்கு விடை உண்டு. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவெண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். இந்த வரம்புகளைத் தடையாகப் பார்ப்பவர்கள் உண்டு. மின்சைக்கிளின் சிறப்பே இந்த வரம்புகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் அடங்குவது 360 வாட்-மணி, ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம். காலும் உழைத்தால் அதில் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் போகலாம். அதாவது, ஒரு யூனிட்டில் நூறு கிலோமீட்டரை நெருங்கலாம். அதே தொலைவுக்கு மின்சாரக் கார் ஒன்றுக்குப் பதினைந்து யூனிட் அளவுக்குத் தேவைப்படும். நகரத்தில் நான்கைந்து கிலோமீட்டர் பயணத்துக்கு, ஒரே ஓர் ஆளைச் சுமக்க, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட இரும்பை நகர்த்துகிறோம். இந்த விரயத்துக்கு இப்போது நல்ல மாற்று கிடைத்திருக்கிறது.

சென்னையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு மேம்பால ஏற்றமும் எதிர்காற்றும் தெரியும். அலுவலகம் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். சைக்கிளை விட்டவர்களில் பலர் தூரத்துக்கு அஞ்சி விடவில்லை, வியர்வைக்கு அஞ்சித்தான் விட்டார்கள். 1993இல் ஜப்பானில் யமஹா நிறுவனம் கொண்டுவந்த மின்சைக்கிள் அந்த இடத்தில்தான் கைகொடுத்தது. மிதிக்கும் அழுத்தத்தை உணர்ந்து, அதற்கேற்ப மோட்டார் துணை சேர்க்கும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும்.

சீனா வேறு வழியில் போனது. கோடிக்கணக்கானோர் ஓட்டினார்கள், நகரங்கள் பயனடைந்தன. ஆனால் பெடல் பெயரளவுக்கு இருக்க, எடையும் வேகமும் ஏறின. கடைசியில் 2019 ஏப்ரல் முதல் 25 கிலோமீட்டர் வேகம், 55 கிலோ எடை என்று புதிய தேசியத் தரமே வகுக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் தரமற்ற லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்து 2023ஆம் ஆண்டில் மட்டும் 18 பேர் இறந்தார்கள். உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளர்கள் மலிவு பேட்டரியை வாங்கி, இரவு முழுதும் வீட்டுக்குள் சார்ஜ் போட வேண்டிய நிலை அங்கே. நம் ஊரில் அதே வேலை செய்யும் இளைஞர்களை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

இன்னொரு நினைவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திருந்த நிலை மாறியது. அன்று இருபது வயதில் கற்றவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும். முழங்கால் வலிக்கும். சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் மீண்டும் யாரையாவது எதிர்பார்த்து நிற்கிறார். மின்சைக்கிளைப் பற்றி எழுதும்போது அந்த அம்மாவை மறந்துவிடாதீர்கள். நம் ஆய்வுகள் பெரும்பாலும் அலுவலகம் போகும் ஆணையே பயணி என்று கொள்கின்றன.

சாலையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றது. நடைபாதைகள் சில சாலைகளில் அகலமாயின. சைக்கிளுக்கான தடம் மட்டும் இன்னும் தொடர்ச்சியாக அமையவில்லை. பேருந்தின் பக்கவாட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு மோட்டார் துணையைவிட மூன்றடி இடம் முக்கியம்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேட்டரி பற்றிய கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன, நல்லது. அவற்றோடு, ஐந்து கிலோமீட்டருக்குட்பட்ட பயணங்களைத் தெருத்தெருவாக எண்ணிப் பாருங்கள். யார் போகிறார், எதில் போகிறார், எங்கே நிறுத்துகிறார் என்று கேட்டு எழுதுங்கள். நாளை மாலை நிறைவு அமர்வில் வைக்கும் தீர்மானத்தில், ரயில் நிலைய ஸ்டாண்டுகளில் மின்சைக்கிளுக்குச் சைக்கிள் கட்டணமே வாங்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.